‘திஸ் இயர்’ பாட்டில் அந்தக் கார் கடைசியில் எங்கே போய் நிற்கிறது?

கேள்வி இதுதான்: மவுண்டன் கோட்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘திஸ் இயர்’ பாடலைப் புத்தாண்டு வந்தால் யாராவது பகிர்கிறார்கள். கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் இதையும், இது இடம்பெற்ற ‘தி சன்செட் ட்ரீ’ ஆல்பத்தையும் சிறுவயதுக் கொடுமையைப் பற்றிய படைப்பு என்கிறார்கள்? ஆல்பத்தை எப்படிக் கேட்பது? வீட்டுக் கதையை வைத்துப் பாட்டு எழுதினால் வெறும் புலம்பலாகப் போய்விடுகிறது, இதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?

பல்லவியை மட்டும் கேட்டால் உற்சாகப் பாட்டுதான். இந்த வருஷம் என்னைக் கொன்றே போட்டாலும் சரி, இதைத் தாண்டிவிடுவேன் என்று ஒரு பையன் கத்துகிறான். டிசம்பர் 31 ராத்திரிக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடைப்பது கஷ்டம். ஆனால் சரணங்களில் நடப்பதைக் கவனியுங்கள். பையன் எங்கேயும் தப்பித்துப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், பொழுது சாயும்போது அதே வீட்டு வாசலுக்குக் காரைத் திருப்புகிறான். உள்ளே என்ன காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பாட்டின் மொத்தக் கதையும் ஒரு நாள் பொழுது, அவ்வளவுதான்.

முதல் சரணத்தில் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி மில்ஸ் அவென்யூவில் வடக்கு நோக்கிப் போகிறான். மில்ஸ் அவென்யூ நிஜமான தெரு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் கிளேர்மாண்ட் ஊரில் உள்ளது. அதில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் சான் கேப்ரியல் மலையடிவாரம் வரும். முதுகுக்குப் பின்னால் உடைந்துபோன வீடு, முன்னால் நல்லது ஏதோ இருக்கிறது, தன்னோடு பொழுதைக் கழிக்க ஒரு பெண் காத்திருக்கிறாள், பானட்டுக்குக் கீழே ஆறு சிலிண்டர் எஞ்சின் உதைத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டாம் சரணத்தில் வீடியோ கேம் விளையாடும் இடம். பதினேழு வயது, குடித்த மயக்கம். இயந்திரங்களைக் குத்திக் குத்தி விரல் முட்டி புண்ணாகிறது. அந்தப் பெண் வருகிறாள், ஒரே பாட்டிலை இருவரும் மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். தங்கள் இருவரையுமே பராமரிப்பு அதிகம் கேட்கும் இரட்டை இயந்திரங்கள் என்கிறான். மூன்றாம் சரணத்தில் அந்தி. உடம்புக்குள் சாராயம் ரீங்கரிக்கிறது. மாற்றாந்தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் பார்த்துக்கொள்கிறான். கியரைக் குறைத்து வீட்டு வாசலுக்குள் திருப்பும்போது வண்டி இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டு எஞ்சின் அலறுகிறது.

இயந்திரச் சத்தங்களை மட்டும் வரிசையாகக் கோத்துப் பாருங்கள். முதலில் கர்ஜனை, பிறகு முனகல், நடுவில் குத்து வாங்கும் மெஷின்கள், அப்புறம் இரண்டு மனிதர்களே மெஷின், கடைசியில் அலறல். பையன் ஒரு தடவைகூடத் தான் பயந்ததாகவோ அழுததாகவோ நேரடியாகச் சொல்வதில்லை. அவன் அலறவேண்டிய இடத்தில் கார் அலறுகிறது. வாசலில் எஞ்சின் போடும் அந்தச் சத்தம் அவன் வந்துவிட்டதை உள்ளே இருப்பவருக்கு அறிவிக்கவும் செய்கிறது. காலையில் சுதந்திரமாகக் கேட்ட அதே எஞ்சின் சாயங்காலம் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. பாட்டின் கட்டுமானமே இதில்தான் இருக்கிறது என்பேன். பல்லவியைத் தூக்கிப் பிடிக்கும் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்த வரி இன்னும் சாமர்த்தியமானது. இந்தக் காட்சி மோசமாகத்தான் முடிகிறது, நீங்களே ஊகித்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அடி விழுவது பாட்டில் கிடையாது. அதைக் காட்டியிருந்தால் கேட்பவர் இரக்கப்பட்டு ஒதுங்கி நின்றிருப்பார். காட்டாமல் விட்டதால் அந்த இடத்தைக் கேட்பவரே நிரப்பவேண்டியிருக்கிறது, பலர் தங்கள் வீட்டிலிருந்தே எடுத்து நிரப்புகிறார்கள்.

இதற்குப் பிறகு, கடைசிப் பல்லவிக்கு முன்னால், அடுத்த வருஷம் எருசலேமில் விருந்தும் ஆட்டமும் இருக்கும் என்று ஒரு வரி. யூதர்களின் பாஸ்கா விருந்தின் முடிவில் ‘அடுத்த வருஷம் எருசலேமில்’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வருவது அது. நாடற்று, அடிமைப்பட்டு இருந்த காலத்திலும் விடாமல் சொல்லப்பட்ட வாக்கியம். விருந்து அடுத்த வருஷம்தான், இந்த வருஷத்தை எப்படியோ கடந்தாகவேண்டும். பாட்டின் தலைப்பு ‘இந்த வருஷம்’ என்று இருப்பதன் கனம் இங்கே வந்துதான் முழுசாக இறங்குகிறது. ஒரே பல்லவி, முதல் சரணத்துக்குப் பிறகு வரும்போது வீறாப்பு. மூன்றாம் சரணத்துக்குப் பிறகு வரும்போது வாசலைத் தாண்டி உள்ளே போகப்போகிறவன் சொல்வது. சரணங்கள் பெரும்பாலும் இறந்தகாலத்தில் இருக்கின்றன, பல்லவி மட்டும் எதிர்காலம் பேசுகிறது. ஆல்பம் வந்தபோது பாடுகிற ஆளுக்கு 38 வயது, தான் பிழைத்துக்கொண்டது அவருக்குத் தெரியும். பாட்டுக்குள் இருக்கும் பதினேழு வயதுப் பையனுக்குத் தெரியாது.

பாடுகிறவர் ஜான் டார்னியல். 1967 மார்ச்சில் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தவர். மவுண்டன் கோட்ஸ் என்ற பெயரில் 1991 முதல் பாட்டு வெளியிடுகிறார். ஆரம்பக் காலத்தில் நார்வாக் ஊரில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்துகொண்டே எழுதியவர். சுமார் பத்து வருஷம் அவர் எழுதியதெல்லாம் பெரும்பாலும் கற்பனை ஆட்களின் கதை: பிரிந்துகொண்டிருக்கும் தம்பதிகள், ஊர் ஊராக ஓடுபவர்கள், டெக்சாஸ் சிற்றூர்ப் பையன்கள். 2004இல் வந்த ‘வி ஷல் ஆல் பி ஹீல்டு’ ஆல்பத்தில்தான் போர்ட்லாந்தில் போதைப்பழக்கத்தோடு கழிந்த தன் இளமையைத் தொட்டார். வீட்டுக்குள் அதுவரை வரவில்லை. அதே 2004இல் அவருடைய மாற்றாந்தந்தை இறந்தார். 2005 ஏப்ரலில் ‘தி சன்செட் ட்ரீ’ 4ஏடி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அந்த மனிதர் இருந்தவரை அது வரவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பாட்டைக் கேட்கும்போது தேவைப்படும்.

ஆல்பத்தின் உள்ளட்டையில் இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று, இந்த ஆல்பம் உருவாகக் காரணமே மாற்றாந்தந்தைதான் என்று சொல்லி, உயிரோடு இருந்தபோது கிடைக்காத நிம்மதி இப்போதாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டுகிறது. மற்றது, கொடுமை செய்பவர்களோடு ஒரே வீட்டில் வாழ நேர்ந்த இளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் ஆல்பத்தைச் சமர்ப்பித்து, அங்கிருந்து உயிரோடு வெளியே வருவீர்கள், உங்கள் கதையைச் சொல்ல இருப்பீர்கள் என்கிறது. ஒரே அட்டையில் அடித்தவருக்கும் ஒரு வரி, அடி வாங்குபவர்களுக்கும் ஒரு வரி. கோபம் மட்டுமே உள்ள ஆல்பம் என்று யாராவது சொன்னால் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை என்று பொருள்.

தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஃபெலிசியா ஹெமன்ஸ் எழுதிய ஒரு மாலை வழிபாட்டுப் பாட்டில் சூரியன் மறையும் மரத்தடிக்கு வாருங்கள் என்ற அழைப்பு வருகிறது. சாமுவேல் பட்லரின் ‘தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்’ நாவலில் ஒரு சின்னப் பையன் அந்தப் பாட்டைப் பாடுகிறான். ‘க’ ஒலி நாக்கில் வராமல் ‘ட’ என்று சொல்கிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்று பாதிரியாரான அப்பா அவனை அழைத்துப்போய் அடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்திப்பாட்டு, உச்சரிப்பு, அடி. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கான குடும்பம்.

இனி ஆல்பத்தைக் கேட்கும் முறை. மொத்தம் 13 பாட்டுகள். ஷஃபிளில் போடாதீர்கள். காலவரிசைப்படி நகரும் கதை இல்லைதான், ஐந்து வயதும் பதினேழு வயதும் நடுத்தர வயதும் முன்னும் பின்னுமாக வரும். ஆனால் எந்த இடத்தில் கோபம் உச்சத்துக்குப் போகிறது, எந்த இடத்தில் தணிகிறது என்ற வரிசை கவனமாக அடுக்கப்பட்டது. முதல் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்போனில் ஒரே மூச்சில் கேளுங்கள். டார்னியல் வேகமாகப் பாடுகிறவர், ஒரு வாக்கியத்தை அடுத்த அடிக்குள் இழுத்துக்கொண்டுபோய் முடிப்பவர். வரிகளைப் பார்க்காமல் கேட்டால் பாதிச் செய்தி நழுவிவிடும். குரல் சிலருக்கு முதலில் உறுத்தும். மூக்கால் வரும், மெருகில்லாத, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் குரல். இரண்டு பாட்டுக்குள் பழகிவிடும். பழகவில்லை என்றால் கட்டாயம் ஒன்றும் இல்லை.

முதல் பாட்டில் ஒருவன் லாஸ் ஏஞ்சல்ஸில் மலிவான விடுதி அறை ஒன்றில் தனியாக இருக்கிறான், வாங்கி வந்ததையெல்லாம் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பரப்பி வைக்கிறான். பழைய நினைவுக்குள் இறங்குவதற்கு முன் நடக்கும் தயாரிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதான ‘புரூம் பீப்பிள்’ வெறும் சாமான் பட்டியல் போலத் தொடங்கும். கராஜில் 1936ஆம் வருஷத்து ஹட்சன் கார், கழுவாத பாத்திரங்கள், ஃபிரீசரில் பாதி தின்றுவிட்டு வைத்த ஐஸ்கிரீம். அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஒன்றும் புரியாத நண்பர்களும் நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்களும் பொருளோடு பொருளாக வந்துபோகிறார்கள். உதவக்கூடியவர்கள் சுற்றி இருந்தும் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மூன்றாவது ‘திஸ் இயர்’. நான்காவது ‘டிலாடிட்’, ஒரு வலிநிவாரணியின் பெயர். அதிலும் கார் உண்டு, இளம் ஜோடி உண்டு, ஆனால் டிரம்ஸ் கிடையாது. எரிக் ஃபிரீட்லாண்டரின் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய கருவி) மட்டும் விளிம்பில் நின்று நடுங்குகிறது. ‘திஸ் இயர்’ முடிந்த கையோடு இதைக் கேட்பது முக்கியம், அந்த ஆட்டமெல்லாம் எவ்வளவு ஆபத்தான வயதில் நடந்தது என்பதை இது உணர்த்திவிடும்.

ஐந்தாவது ‘டான்ஸ் மியூசிக்’. ஓடுவது சுமார் இரண்டு நிமிஷம். குதூகலமான தாளம், துள்ளும் பியானோ. சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊர், ஜான்சன் அவென்யூ, ஐந்தோ ஆறோ வயது. கூடத்தில் டிவியில் வாட்டர்கேட் விசாரணை ஓடுகிறது. மாற்றாந்தந்தை அம்மாவைப் பார்த்துக் கத்துகிறார், கண்ணாடி டம்ளர் ஒன்று அவள் தலையை நோக்கிப் பறக்கிறது. பையன் மாடிக்கு ஓடி, தரையில் இருக்கும் சின்ன ரெக்கார்டு பிளேயரை ஒட்டிக் குனிந்துகொள்கிறான். சத்தத்தைக் கூட்டும் திருகு எதற்கு இருக்கிறது என்று அவனுக்கு அப்போது விளங்குகிறது. வாட்டர்கேட் செனட் விசாரணை டிவியில் வந்தது 1973 மே மாதத்திலிருந்து. 1967இல் பிறந்த பையனுக்கு அப்போது ஆறு. நாட்டின் அதிபர் செய்த தப்பைப் பெரியவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், அதே கூடத்தில் நடப்பதை விசாரிக்க யாரும் இல்லை. இதை அவர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. டிவியில் என்ன ஓடியது என்று சொன்னதோடு சரி.

பாட்டு ஏன் இவ்வளவு துள்ளலாக இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. மாடியில் அந்தப் பையன் சத்தமாக வைத்துக் கேட்டது நடன இசை என்று பாட்டே சொல்கிறது. கீழே நடப்பதை மறைக்கத்தான் அந்தத் துள்ளல், நாம் கேட்பதும் அதே மூடியைத்தான். இதே வரிகளை மெதுவாக, சோக ராகத்தில் யாராவது பாடினால் அர்த்தமே மாறிவிடும்.

‘டீனு லிப்பாட்டிஸ் போன்ஸ்’, ‘மேக்பை’ இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லிப்பாட்டி 33 வயதில் 1950இல் இறந்த ருமேனியப் பியானோக் கலைஞர், அது தெரிந்தால் போதும். நடுவில் இருக்கும் ‘அப் தி உல்வ்ஸ்’, ‘லயன்ஸ் டீத்’ இரண்டையும் ஜோடியாகக் கேளுங்கள். முதலாவதில் ரோம் நகரை நிறுவிய, ஓநாயிடம் பால் குடித்து வளர்ந்த ரோமுலஸ், ரீமஸ் கதை வருகிறது. தாய் எங்கே என்று தெரியாத பிள்ளைகள், மன்னிக்கக் கஷ்டமான சில விஷயங்கள், என்றோ ஒருநாள் லேசாகிவிடும் என்ற வாக்கு. அதே பாட்டிலேயே நீதிபதிகளை எல்லாம் கொல்வேன் என்ற பழிவாங்கும் திட்டமும் உண்டு. ஆறுதலும் வெறியும் ஒரே மூச்சில் வருவதால் தொலைக்காட்சித் தொடருக்கும் இது பொருந்திவிட்டது, 2014இல் ‘தி வாக்கிங் டெட்’டில் ஒலித்தது. ‘லயன்ஸ் டீத்’தில் மாற்றாந்தந்தை காரில் தூங்கும் சிங்கம். பையன் சிங்கத்தின் பல்லைப் பிடித்துவிடுகிறான், பிடித்த பிறகு விட முடியவில்லை. விட்டால் செத்தான், பிடித்தே நின்றாலும் எவ்வளவு நேரம் நிற்பான்? பழிவாங்கும் கற்பனையில்கூட அவனால் ஜெயிக்க முடியவில்லை என்பதுதான் அந்தப் பாட்டின் வலி.

ஒன்பதாவது பாட்டின் தலைப்பு, நான்கு கால் பிராணியைப் பற்றி யோசித்தாயா என்று பைபிள் மொழியில் கேட்கிறது. மாற்றாந்தந்தை போதை தெளியத் தூங்குகிறார், வாயோரத்தில் நுரை. எழுப்பிவிட்டால் தீர்ந்தது. பையன் அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு உலகத்தில் இருக்கிறான். ஆனாலும் அவர் எழுந்துவிடுகிறார். அடி விழும்போது கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு அவன் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான்: ஸ்டீரியோவை உடைத்துவிடக் கூடாது. உடம்பைப் பற்றி இல்லை, ஸ்டீரியோவைப் பற்றி. ஐந்தாம் பாட்டின் சின்ன ரெக்கார்டு பிளேயர் இங்கே வளர்ந்து ஸ்டீரியோவாக வந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பிறகு அந்தக் கை தன்னைத் தண்ணீருக்குள் அமுக்குவதுபோல உணர்ந்து, ஒருநாள் நெளிந்து நெளிந்து தரைக்கு ஏறிவிடுவேன் என்கிறான். சுமார் 37 கோடி வருஷங்களுக்கு முன், டெவோனியன் காலத்தில், மீனினத்திலிருந்து கால் முளைத்துக் கரைக்கு வந்த உயிர்கள்தான் தலைப்பில் உள்ள பிராணி. ஆல்பத்தில் வன்முறையை நேருக்கு நேர் காட்டுவது இந்தப் பாட்டுதான். இப்படியான வீட்டில் வளர்ந்தவர் என்றால் இதைத் தனியாக ராத்திரியில் முதல் தடவை கேட்காதீர்கள், பகலில் கேளுங்கள்.

அதற்குப் பிறகு ‘சாங் ஃபார் டென்னிஸ் பிரவுன்’. 1999இல் இறந்த ஜமைக்கா ரெகே பாடகரை வைத்து, தன் சாவைப் பற்றி யோசிக்கும் பாட்டு. ‘லவ் லவ் லவ்’ பைபிளில் வரும் சவுல் அரசன், ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ரஸ்கோல்நிகோவ், குத்துச்சண்டை வீரர் சன்னி லிஸ்டன், ராக் பாடகர் கர்ட் கோபேன் என்று ஆட்களை அடுக்கி, அன்பின் பெயரால் மனிதர்கள் எதையெல்லாம் செய்கிறார்கள் என்று பார்க்கிறது. அழகான பாட்டுதான், ஆனால் ஆல்பத்தை இதிலிருந்து தொடங்காதீர்கள். முன்னால் கேட்டவை இல்லாமல் இது வெறும் உதாரணப் பட்டியலாகத் தோன்றிவிடும்.

கடைசி, ‘பேல் கிரீன் திங்ஸ்’. விடிவதற்கு முன் எழுந்து, முதல் மாரடைப்பு வந்த சில நாட்களில், மாற்றாந்தந்தை பையனைக் குதிரைப் பந்தய மைதானத்துக்கு அழைத்துப் போகிறார். கார் கண்ணாடி இறக்கியிருக்கிறது. தார் வெடித்த இடங்களில் வெளிறிய பச்சையில் என்னவோ முளைத்து நிற்கிறது. அடி இல்லை, கத்தல் இல்லை. பிறகு வருஷங்கள் தாண்டி, டிசம்பரில் ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு அக்காவோ தங்கையோ போன் செய்து, ஒருவழியாக இறந்துவிட்டார் என்கிறாள். அந்த ‘ஒருவழியாக’ பாட்டில் இரண்டு தடவை வருகிறது. நிம்மதியா, துக்கமா என்று பாடகர் சொல்வதில்லை. செய்தி கேட்டதும் அவருக்கு நினைவு வந்தது அந்தப் பந்தய மைதானக் காலைதான். முந்தைய பாட்டுகளில் நாம் பார்த்த மனிதருக்கு ஒரு நல்ல காலைப்பொழுதும் இருந்திருக்கிறது. அதை மறைத்திருந்தால் ஆல்பம் வழக்கு மன்றத்து மனு மாதிரி ஆகியிருக்கும். முதலிலேயே வைத்திருந்தால் மன்னிப்புக் கோரிக்கை மாதிரி ஆகியிருக்கும். கடைசியில் வைத்ததால் இரண்டும் ஆகவில்லை.

ஒலிப்பதிவைப் பற்றியும் சொல்லவேண்டும், எழுத நினைப்பவர்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். டார்னியலின் முதல் பத்து வருஷப் பாட்டுகள் பலவும் பானசோனிக் ஆர்எக்ஸ்-எஃப்டி500 என்ற டூ-இன்-ஒன்னில், அதிலேயே இருக்கும் மைக்கில், நேரடியாகக் கேசட்டில் பதிந்தவை. அந்தப் பெட்டியின் மோட்டார் அரைபடும் சத்தம் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கும். இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் அமைப்பு இருக்கும். உரக்கப் பாடினால் அமுக்கும், அமைதியானால் ஏற்றும். அதனால்தான் வாக்கியங்களுக்கு நடுவில் இரைச்சல் பொங்கி வருகிறது, கத்தலும் கிட்டாரும் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன. 2002இல் வந்த ‘ஆல் ஹெய்ல் வெஸ்ட் டெக்சாஸ்’ அந்த வரிசையில் புகழ்பெற்றது. ‘தி சன்செட் ட்ரீ’ அப்படி இல்லை. கலிபோர்னியாவின் கோட்டாட்டியில் உள்ள பிரெய்ரி சன் ஸ்டூடியோவில், ஜான் வாண்டர்ஸ்லைஸ் தயாரிப்பில், பீட்டர் ஹியூஸ் பேஸ் கிட்டார், ஃபிராங்க்ளின் புரூனோ பியானோ, ஃபிரீட்லாண்டர் செல்லோ என்று வைத்துப் பதிந்தது. தன் வாழ்க்கையிலேயே மிக அந்தரங்கமான விஷயத்தை அவர் சொன்னது சுத்தமான ஒலியில். இரைச்சல் இருந்தால்தான் உண்மை இருக்கும் என்று நினைத்து நல்ல மைக்கை ஒதுக்கி வைக்காதீர்கள். டூ-இன்-ஒன் அவரிடம் இருந்த சாதனம், அதனால் பயன்படுத்தினார். வித்தியாசத்தைக் கேட்க ஆசை என்றால் ‘கம், கம் டு தி சன்செட் ட்ரீ’ என்ற பெயரில் இந்தப் பாட்டுகளின் டெமோக்களை (ஸ்டூடியோவுக்கு முந்தைய மாதிரிப் பதிவுகளை) 1000 எல்பி தட்டுகளாக மட்டும் வெளியிட்டார்கள். தனியாளாக அவர் பாடுவதைக் கேட்டால், குழு சேர்த்தது எது, பாட்டிலேயே இருந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

‘திஸ் இயர்’ பாட்டைக் கிட்டாரில் வாசிக்க விரும்பினால், விரல்களுக்குப் பெரிய வேலை இல்லை, எளிய கார்டுகள் (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). கஷ்டம் வலது கையில். பாட்டின் வேகம் முழுக்க இடைவிடாத ஸ்ட்ரம்மிங்கில், அதாவது தந்திகளை மேலும் கீழுமாக வருடுவதில், இருக்கிறது. பல்லவி வந்ததும் எல்லோரும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், மூன்றாவது சரணத்துக்குள் மூச்சு வாங்கும், வரிகளை விழுங்குவார்கள். பதிவோடு சேர்த்துக் காலால் தட்டி வேகத்தைப் பிடித்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் அதை வைத்து, முதலில் அதைவிட 15 சதவீதம் குறைவான வேகத்தில் முழுப் பாட்டையும் பாடிப் பழகுங்கள். ஸ்ட்ரம்மிங்கை மணிக்கட்டிலிருந்து செய்யவேண்டும், முழங்கையிலிருந்து செய்தால் இரண்டாவது நிமிஷத்தில் கை கடுக்கும். குரலுக்கு உயரமாக இருந்தால் கார்டு வடிவங்களை மாற்றி, கேபோவை (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வியை) நகர்த்திச் சுருதியை இறக்கிக்கொள்ளுங்கள். மூல சுருதியில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசிப் பல்லவிக்குத் தொண்டை இருக்காது. முதல் பல்லவியிலேயே முழுக் குரலையும் கொட்டிவிடுவது இன்னொரு பொதுவான தப்பு. முதல் தடவை முக்கால் குரல், இரண்டாவது தடவை அதே அளவு, எருசலேம் வரிக்கு முன் ஒரு கணம் கையை அடக்கி வாசித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகத் திறந்துவிடுங்கள். கதை அங்கேதான் திரும்புகிறது, குரலும் அங்கேதான் திரும்பவேண்டும்.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருவோம். புலம்பலாகிவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், வருஷக்கணக்கான துன்பத்தை ஒரே பாட்டில் சுருக்கப் பார்ப்பது. ‘என் வீடு நரகம்’ என்று எழுதினால் கேட்பவருக்குப் பார்க்க எதுவும் இல்லை. ஒரு நாளை எடுங்கள், அதிலும் சில மணி நேரத்தை. தெருவின் பெயர், கிழமை, வயது, அறையில் ஓடிக்கொண்டிருந்த சத்தம், கையில் இருந்த பொருள் ஆகிய ஐந்தையும் முதலில் உரைநடையாக ஒரு பக்கம் எழுதிவையுங்கள். உணர்ச்சியைக் குறிக்கும் சொற்களை எல்லாம் அதில் அடித்துவிடுங்கள். மிஞ்சியதில் ஒரு பொருள் தானாகக் கனத்து நிற்கும். ஸ்டீரியோ போல, டம்ளர் போல. அதைப் பாட்டு முழுக்க வேறு வேறு நிலையில் திரும்பக் கொண்டுவாருங்கள். ‘திஸ் இயர்’ எஞ்சினை வைத்துச் செய்வது அதைத்தான்.

பல்லவியில் கதை சொல்லாதீர்கள். அது அந்த வயதுப் பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரே வாக்கியமாக இருக்கட்டும், மூன்று சரணங்களுக்குப் பிறகும் சொல் மாறாமல் பொருள் மட்டும் மாறுமா என்று சோதித்துப் பாருங்கள். மாறவில்லை என்றால் சரணங்கள் நகரவில்லை என்று அர்த்தம். மெட்டு சோகமாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, சோக வரிக்குச் சோக மெட்டு போட்டால் இரண்டும் ஒரே வேலையைச் செய்து இரண்டுமே வீணாகும். அடியைக் காட்டுவதா வேண்டாமா என்பதில் விதி கிடையாது. டார்னியலே ஒரு பாட்டில் மறைத்து, இன்னொன்றில் காட்டினார். ஆனால் பத்துப் பாட்டிலும் காட்டினால் மூன்றாவதிலேயே கேட்பவருக்கு மரத்துப்போகும். உங்கள் கதையில் வரும் வில்லனுக்கு நிஜமாகவே ஒரு பந்தய மைதானக் காலை இருந்தது என்றால் அதையும் எழுதுங்கள். இல்லாத ஒன்றைக் கருணைக்காக உருவாக்கவேண்டாம், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பெயர்களை மாற்றுங்கள், தெருவை மட்டும் வைத்துக்கொண்டாலும் போதும். இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பவர் என்றால் நோட்டையும் போனில் உள்ள பதிவுகளையும் எங்கே வைக்கிறீர்கள் என்பது பாட்டைவிட முக்கியம். பூட்டுள்ள இடம், அல்லது நம்பகமான நண்பரிடம். இந்தியாவில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 1098ஐ அழைக்கலாம், காசு கிடையாது.

ஆல்பம் பிடித்துவிட்டால் அடுத்து 2015இல் வந்த ‘பீட் தி சாம்ப்’ கேளுங்கள். முழுக்க மல்யுத்த வீரர்களைப் பற்றியது என்று போட்டிருக்கும். அதில் ‘தி லெஜண்ட் ஆஃப் சாவோ கெரேரோ’ பாட்டில் ஒரு பையன் டிவியில் தன் வீரன் ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அந்த வீரனைத் திட்டிப் பையனைச் சீண்டும் மாற்றாந்தந்தை அங்கேயும் இருக்கிறார்.